வெள்ளோட்டம் முடிந்த பிறகு தேரோட்டம் எதற்கு?

கைப்பேசி விளையாட்டுக்கும் ஒரு திறப்பு விழா! அதனால் வீட்டுக்கு என்ன?

புதுத் தேர் செய்கிறார்கள். திருவிழாவுக்கு முன்பு ஒரு நாள் அதை இழுத்துப் பார்க்கிறார்கள். சக்கரம் சுற்றுகிறதா? அச்சு தாங்குகிறதா? முட்டுக்கட்டை போட்டால் தேர் நிற்கிறதா? வீதி முனையில் ஒழுங்காகத் திரும்புகிறதா? இதையெல்லாம் பார்ப்பதற்குத்தான் வெள்ளோட்டம்.

வெள்ளோட்டத்தில் சாமி தேர் ஏறுவதில்லை. திருவிழாவன்றுதான் ஏறும். அன்றுதான் தேரோட்டம்.

ஆனால் வேறு ஒரு தேர் இருக்கிறது. அது வினோதமான தேர். வெள்ளோட்டத்திலேயே லட்சக்கணக்கான பேர் அதில் ஏறிக்கொள்கிறார்கள். நாள் கணக்கில் ஓட்டுகிறார்கள். சிலர் காசும் கொடுக்கிறார்கள். அதன் பிறகு ஒரு நாள், "இன்றுதான் தேரோட்டம்!" என்று கம்பெனிக்காரர்கள் மேளம் கொட்டுகிறார்கள்.

அதுதான் இணைய விளையாட்டு. பையன்கள் கைப்பேசியில் குனிந்த தலை நிமிராமல் ஆடுகிறார்களே, அந்த விளையாட்டு!

எல்லாரும் ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டத்துக்குத் திறப்பு விழா எதற்கு? அதனால் யாருக்கு லாபம்? பிள்ளையைப் பெற்றவர்கள் அந்த நாளைக் கவனிக்க வேண்டுமா, வேண்டாமா?

"பீட்டா" என்பது என்ன?

ஒரு விளையாட்டைக் கம்பெனி தயாரிக்கிறது. முதலில் கம்பெனி ஆட்களே ஆடிப் பார்க்கிறார்கள். பிறகு வெளியாட்களைக் கூப்பிட்டு ஆடச் சொல்கிறார்கள். இந்த இரண்டாவது சோதனைக்குப் "பீட்டா" என்று பெயர். கிரேக்க மொழியின் இரண்டாவது எழுத்து அது.

அழைத்த சிலர் மட்டும் ஆடினால் அது மூடிய பீட்டா. யார் வேண்டுமானாலும் வந்து ஆடலாம் என்றால் அது திறந்த பீட்டா.

இந்தச் சோதனை தேவைதான். நூறு பேர் வேலை செய்யும் கம்பெனியில் எத்தனை விதமான கைப்பேசி இருக்கும்? ஊரில் ஆயிரம் விதம் இருக்கிறது. ஒன்று புதிது, ஒன்று பழையது. ஒன்றில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். மலை மறைவில் இருக்கிற ஊரில் கிடைக்காது. ஒரே நேரத்தில் பத்து லட்சம் பேர் ஆட வந்தால், கம்பெனியின் பெரிய கணிப்பொறிகள் தாங்குமா? அவற்றுக்குச் சர்வர் என்று பெயர். அவை தாங்குமா என்பதைப் பத்து லட்சம் பேர் வந்தால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஆகவே, திறந்த பீட்டா என்பது பொதுஜனங்களை ஏற்றிக்கொண்டு நடத்தும் வெள்ளோட்டம்.

ஆண்டிபட்டிக்கு வந்த ரயில்

பொதுஜனங்களை ஏற்றாத வெள்ளோட்டம் எப்படி இருக்கும்? தேனி மாவட்டத்து ஆண்டிபட்டிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்கு மீட்டர் கேஜ் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அகலப் பாதை போடுவதற்காக 2010-ம் ஆண்டு முடிவில் அதை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பதினொரு வருஷத்துக்கு மேல் ஆண்டிபட்டியில் பயணிகள் ரயில் இல்லை. அன்று பிறந்த குழந்தை ஐந்தாம் வகுப்பைத் தாண்டிவிட்டது. ரயில் வரவில்லை!

கடைசியில் தண்டவாளம் போட்டு முடிந்தது. கணவாயைத் தாண்டிச் சோதனை ரயில் வந்தது. பார்க்கலாம். கை காட்டலாம். ஏற முடியாது.

ஏன்? சட்டம் அப்படி. 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி, பாதுகாப்பு கமிஷனர் நேரில் வந்து பார்க்க வேண்டும். பாதை சரி என்று அவர் சொன்ன பிறகுதான் பயணிகளை ஏற்றலாம். இதில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. அந்தக் கமிஷனர் ரயில்வே இலாகாவின் கீழ் வேலை செய்பவர் அல்ல. விமானப் போக்குவரத்து இலாகாவின் கீழ் இருப்பவர். ரயிலை ஓட்டுகிறவர் வேறு. சரி என்று சொல்கிறவர் வேறு!

2022-ம் ஆண்டு மே 26-ந் தேதி சென்னையில் விழா நடந்தது. ரூ.500 கோடிக்கு மேல் செலவில் போட்ட 75 கிலோமீட்டர் மதுரை-தேனி அகலப் பாதையைப் பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். மறுநாள் முதல் ஜனங்கள் ரயிலில் ஏறினார்கள். 2023-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி அந்த ரயில் போடி வரை போயிற்று.

விழாவுக்கு முன்பு ஆண்டிபட்டி நிலையத்தில் மதுரைக்கு ஒரு டிக்கெட் வாங்க முடியாது. விழா முடிந்ததும் வாங்க முடிந்தது. அந்தத் திறப்பு விழா உண்மையிலேயே ஒரு கதவைத் திறந்தது.

விளையாட்டுக் கம்பெனியின் விழா எந்தக் கதவைத் திறக்கிறது?

பதினைந்து நாள் வெள்ளோட்டம்

இந்தியாவில் நடந்த கதையையே பார்க்கலாம்.

"பப்ஜி மொபைல்" என்ற சுடும் விளையாட்டு ஊரெங்கும் பரவியிருந்தது. நூறு பேர் ஒரு தீவில் இறங்குவார்கள். ஒருவரை ஒருவர் சுடுவார்கள். கடைசியில் மிஞ்சுகிறவர் ஜெயித்தவர். நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு, 2020-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி மத்திய அரசு 118 செயலிகளுக்குத் தடை விதித்தது. அதில் பப்ஜியும் ஒன்று.

அடுத்த வருஷம் தென்கொரியாவின் கிராப்டன் கம்பெனி அதே மாதிரி ஆட்டத்தை வேறு பெயரில் கொண்டு வந்தது. "பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா" என்பது புதுப் பெயர். சுருக்கமாக பி.ஜி.எம்.ஐ. 2021-ம் ஆண்டு மே 18-ந் தேதி, "முன்பதிவு செய்துகொள்ளலாம்" என்றார்கள். முதல் நாளிலேயே 76 லட்சம் பேர் பதிந்தார்கள். இரண்டு வாரத்தில் 2 கோடி!

ஜூன் 17-ந் தேதி வெள்ளோட்டம் தொடங்கியது. ஜூலை 2-ந் தேதி முறையான வெளியீடு. இடையில் பதினைந்து நாள்.

வெள்ளோட்டத்தில் ஆடிய பையன் ஜூலை 2-ந் தேதி காலையில் கைப்பேசியை எடுத்திருப்பான். என்ன மாறியிருக்கும்? அதே தீவு. அதே துப்பாக்கி. சேர்த்து வைத்த சாமான்களும் அப்படியே இருந்தன. அவனுக்கு விழா ஒன்றும் இல்லை.

ஆனால் கம்பெனிக்கு இருந்தது! வெளியிட்ட ஒரு வாரத்தில் 3 கோடியே 40 லட்சம் பேர் பதிந்திருக்கிறார்கள் என்று கிராப்டன் அறிவித்தது. "சோதனைதானே, முடியட்டும்" என்று ஒதுங்கி நின்றவர்களும் உள்ளே வந்தார்கள்.

ஆக, மேளச் சத்தம் உள்ளே இருப்பவனுக்காக அல்ல. வெளியே நிற்பவனைக் கூப்பிடுவதற்காக!

முன்பே வாங்கினால் மலிவு

சில கம்பெனிகள் வெள்ளோட்டத்திலேயே ஆட்டத்தை விற்கின்றன. சுவீடனில் பிறந்த "மைன்கிராப்ட்" அப்படித்தான் வளர்ந்தது. கட்டைகளை அடுக்கி வீடும் ஊரும் கட்டும் விளையாட்டு அது. 2009-ம் ஆண்டு மே மாதம் முதன்முதலில் ஜனங்கள் கைக்கு வந்தது. 2011-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதிதான் அமெரிக்காவில் லாஸ்வேகாஸ் நகரில் திறப்பு விழா நடந்தது. அதற்குள் 40 லட்சம் பேர் காசு கொடுத்து வாங்கிவிட்டார்கள்!

அங்கே ஒரு நியாயம் இருந்தது. ஆரம்பத்தில் வாங்கியவருக்கு விலை 9.95 யூரோ. பீட்டாவில் 14.95 யூரோ. முழு ஆட்டம் வந்தபோது 19.95 யூரோ. அரைகுறை ஆட்டத்தை வாங்கினால் மலிவு. முழு ஆட்டத்தை வாங்கினால் விலை அதிகம். காய் பழுக்கும் முன்பு வாங்குகிறவனுக்குக் குறைந்த விலை. இதில் ஒளிவு மறைவு இல்லை.

எல்லா இடத்திலும் இப்படி இருப்பதில்லை.

அழிந்த வீரர்கள்

2004-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி அமெரிக்காவில் "வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்" என்ற விளையாட்டு வெளியானது. அதற்கு முன்பு திறந்த பீட்டா நடந்தது. ஏராளமான பேர் இரவும் பகலும் ஆடினார்கள். ஆளுக்கொரு வீரனை வளர்த்தார்கள். வெளியீட்டு நாளில் அத்தனை வீரர்களும் இல்லாமல் போனார்கள். எல்லாரும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

இதுவும் நியாயம்தான். வெள்ளோட்டத்தில் ஓடியவனும் புதிதாக வருகிறவனும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் அல்லவா? அங்கே வெளியீட்டு நாளுக்கு நிஜமான அர்த்தம் இருந்தது. அன்றுதான் கணக்கு ஆரம்பம்.

எனவே, ஒரு விளையாட்டின் திறப்பு விழா பெரிய நாளா, சின்ன நாளா என்பதற்கு முதல் அடையாளம் இதுதான்: சோதனையில் சேர்த்தது அழியுமா, நிற்குமா? அழிந்தால் அது பெரிய நாள். நின்றால், ஆட்டம் என்றைக்கோ தொடங்கிவிட்டது!

சட்டைக்குக் காசு

சக்கம்பட்டி ஆண்டிபட்டியை ஒட்டியது. தறிச் சத்தம் கேட்கும் ஊர். அங்கே ஒரு நெசவாளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் மகன் பள்ளிக்கூடம் போகிறவன். அப்பாவின் கைப்பேசியில் புது விளையாட்டு ஆடுகிறான். ஒரு நாள் கணக்கிலிருந்து ரூ.499 போய்விட்டது.

"ஏன்டா, சோதனைதான் நடக்குது, காசு கிடையாதுன்னு சொன்னியே?"

"ஆட்டம் சும்மாதாம்ப்பா. சட்டைக்குத்தான் காசு."

"எந்தச் சட்டைக்கு?"

"ஆட்டத்துல வர்ற ஆளு போட்டுக்கிற சட்டைக்கு."

நாள் முழுக்கத் துணி நெய்கிறவர் அந்தத் தகப்பனார். யாரும் தொட முடியாத ஒரு சட்டைக்கு அவர் கூலி போய்விட்டது!

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இலவச விளையாட்டுகளின் பிழைப்பே இதுதான். ஆட்டத்துக்குக் காசில்லை. உடைக்குக் காசு. துப்பாக்கிக்குப் பூசும் வர்ணத்துக்குக் காசு. பரிசுப் பெட்டியைத் திறக்கக் காசு.

நெசவாளி புதுப் பாவு ஏற்றினால் முதலில் கொஞ்சம் நெய்து பார்க்கிறார். இழை அறுகிறதா, வர்ணம் ஒத்து வருகிறதா என்று பார்க்கிறார். அந்தத் துண்டுக்கு யாரும் விலை சொல்வதில்லை. சில விளையாட்டுக் கம்பெனிகள் சோதனைத் துண்டுக்கும் விலை வைக்கின்றன.

அங்கேதான் குடும்பம் கண் விழிக்க வேண்டும். கடைத் திறப்பு என்பது ரிப்பன் வெட்டும் நாள் அல்ல. கல்லாப்பெட்டி திறக்கும் நாள்! காசு வாங்க ஆரம்பித்த அன்றே அந்தக் கடை திறந்தாகிவிட்டது. வாசலில் "சோதனை" என்று பலகை தொங்கலாம். அதனால் போன காசு சோதனைக் காசு ஆகிவிடாது.

பலகை எத்தனை நாள்?

அந்தப் பலகையை எத்தனை நாள் தொங்கவிடலாம்? அதற்குக் கெடு கிடையாது.

விளையாட்டு அல்லாத ஓர் உதாரணம் உண்டு. கூகுள் கம்பெனியின் ஜிமெயில் 2004-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி வந்தது. கோடிக்கணக்கான பேர் அதில் கடிதம் எழுதினார்கள். ஆனால் "பீட்டா" என்ற சொல்லை எடுத்தது 2009-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதிதான். ஐந்து வருஷத்துக்கு மேல் வெள்ளோட்டம்!

ஜிமெயிலால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று சொல்லலாம். ஆனால் ஒன்று விளங்குகிறது. ரயிலுக்குச் சான்று கொடுக்க வெளியிலிருந்து ஒரு கமிஷனர் வருகிறார். விளையாட்டுக்கு அப்படி யாரும் வருவதில்லை. சோதனை நடக்கிறது என்று சொல்வதும் கம்பெனிதான். சோதனை முடிந்தது என்று சொல்வதும் கம்பெனிதான்.

ஆட்டம் நடுவில் நின்றால், "சோதனைதானே!" என்று சொல்லிவிடலாம். சேர்த்தது காணாமல் போனால், "சோதனைதானே!" என்று சொல்லிவிடலாம். முறையாக வெளியிட்ட பிறகு அந்தச் சாக்கு செல்லாது. ஆடுகிறவருக்கு வெளியீட்டினால் உண்டாகும் பெரிய நன்மை இதுதான். விழாவில் வெடிக்கும் பட்டாசு அல்ல. கம்பெனி ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு!

வெளியிட்ட பிறகும் வெள்ளோட்டம்

அப்படியானால் முறையாக வெளியிட்ட ஆட்டத்தை முழுசாக நம்பிவிடலாமா? அதுவும் இல்லை.

பி.ஜி.எம்.ஐ. ஆட்டத்தில் 10 கோடிப் பேர் பதிந்துவிட்டார்கள் என்று 2022-ம் ஆண்டு ஜூலை மாதம் கிராப்டன் சொன்னது. அதே மாதம் 28-ந் தேதி, அரசின் உத்தரவுப்படி கூகுள், ஆப்பிள் கடைகளிலிருந்து அந்த விளையாட்டு நீக்கப்பட்டது.

பத்து மாதம் போயிற்று. 2023-ம் ஆண்டு மே 19-ந் தேதி மத்திய இணை அமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். விளையாட்டு திரும்ப வரலாம். ஆனால் மூன்று மாதம் சோதனை முறையில்தான் என்றார். பயனாளர் பாதுகாப்பு, ஆடுகிறவர்கள் அதற்கு அடிமையாவது போன்ற விஷயங்களை அரசு கவனிக்கும் என்றார். மே 29-ந் தேதி மறுபடியும் ஆட்டம் தொடங்கியது.

என்ன வேடிக்கை! தேரோட்டம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் வெள்ளோட்டம்!

ஆனால் இந்தத் தடவை சோதித்தது கம்பெனி அல்ல, அரசு. தேர் ஓடுகிறதா என்பதை அரசு பார்க்கவில்லை. ஓடும் தேரால் வீதியில் நிற்கிறவருக்கு ஆபத்து உண்டா என்று பார்த்தது. முதல் வெள்ளோட்டத்தைவிட இதுவே முக்கியமான வெள்ளோட்டம்.

வீட்டில் பார்க்க வேண்டியவை

பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கென்று 2021-ம் ஆண்டிலேயே கிராப்டன் சில விதிகளை அறிவித்தது. பெற்றோரின் தொலைபேசி எண் வேண்டும். நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆடக்கூடாது. நாளைக்கு ரூ.7,000-க்கு மேல் செலவு செய்யக்கூடாது.

கடைசி விதியை மறுபடியும் படித்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ரூ.7,000! கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அது பல நாள் சம்பளம். கம்பெனி போடும் வேலி கம்பெனியின் அளவுக்குத்தான் இருக்கும். வீட்டு வேலியை வீட்டார்தான் போட வேண்டும்.

அது கஷ்டமான காரியம் அல்ல. கைப்பேசியில் எதை வாங்கினாலும் ரகசிய எண் கேட்கும்படி வைக்கலாம். அந்த எண் பெரியவர்களிடம் இருக்க வேண்டும். வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண்ணைப் பிள்ளை கேட்டால், எதற்கு என்று கேட்ட பிறகே சொல்ல வேண்டும்.

"புது விளையாட்டு, வெளியிடுவதற்கு முன்பே உங்களுக்கு மட்டும்" என்று வாட்ஸ்அப்பில் இணைப்பு வந்தால் தொடக்கூடாது. ஆசையைக் காட்டித் திருட்டுச் செயலியை உள்ளே அனுப்புகிறவர்கள் உண்டு. உண்மையான பீட்டாவுக்குக் கம்பெனியின் சொந்த அறிவிப்பு இருக்கும். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்.

பிள்ளையிடம் மூன்று கேள்வி கேட்கலாம். "இந்த ஆட்டம் சோதனையா, வெளியானதா? சோதனை என்றால் நீ சேர்ப்பது நிற்குமா, அழியுமா? இப்போதே காசு கேட்கிறதா?" இதற்குப் பதில் சொல்ல ஆட்டத்தின் விதிகளை அவன் படித்தாக வேண்டும். படித்தால் அதுவே பாதிப் பாதுகாப்பு.

"சோதனையில் இருக்கிறது, அழிந்துவிடும், காசும் கேட்கிறது" என்று பதில் வந்தால் யோசனையே வேண்டாம். அங்கே ஒரு பைசா கொடுக்கக்கூடாது.

"சோதனைதான், காசு கேட்கவில்லை" என்றால் ஓய்வு நேரத்தில் கொஞ்சம் ஆடட்டும். பிழை கண்டுபிடித்தால் கம்பெனிக்கு எழுதட்டும். அதுதான் பீட்டாவின் உண்மையான நோக்கம். அந்தப் பையன் நாளைக்கு ஒரு விளையாட்டைத் தயாரிக்கிறவனாகவும் வரலாம்!

எது பெரிய நாள்?

திறந்த பீட்டாவுக்குப் பிறகு நடக்கும் வெளியீட்டு விழா வீணா? வீண் இல்லை. புதியவர்களைக் கூப்பிட அது வேண்டும். கம்பெனி தன் பொறுப்பை ஒப்புக்கொள்ளவும் அப்படி ஒரு நாள் வேண்டும். ஆனால் ஆட்டம் தொடங்கும் நாள் அது அல்ல.

ரயில் விஷயத்தில் நாட்டுக்குச் சட்டம் இருக்கிறது. பாதுகாப்பு கமிஷனர் இருக்கிறார். அவர் சரி என்று சொல்லும் வரை ஒருவரும் ஏற முடியாது. கைப்பேசி ஆட்டத்தில் பிள்ளை முதலில் ஏறிவிடுகிறான். சரியா என்ற கேள்வி பிறகுதான் வருகிறது.

அதனால் வீட்டுக்கு வீடு ஒரு கமிஷனர் தேவை. அந்த வேலைக்குத் தாயும் தகப்பனுமே போதும்!